தென்காசிப் பக்கம் வீடு கட்டுகிறோம்: இரண்டு பக்கச் சரிவா, நாலு பக்கச் சரிவா, மொட்டை மாடியா?

சாரல்_தென்காசி:

எல்லோருக்கும் வணக்கம். தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவில் வயலை ஒட்டின மனையில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். கிழக்குப் பார்த்த வாசல். கிழமேலாக 36 அடி நீளம், தென்வடலாக 24 அடி அகலம், இப்போதைக்குத் தரைத்தளம் மட்டும். சுவர் கதவு, ஜன்னலுக்கு மேலே வருகிற லிண்டல் மட்டத்துக்கு வந்துவிட்டது. கூரை என்ன என்று சொன்னால்தான் கொத்தனார் அடுத்த வரிசை எடுப்பார்.

வீட்டில் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். அப்பாவுக்கு மொட்டை மாடிதான் வேண்டும்: வத்தல் காயப் போட, துணி உலர்த்த, தண்ணீர்த் தொட்டி வைக்க, நாளைக்குத் தம்பிக்கு மேலே ஒரு போர்ஷன் எடுக்க. மனைவிக்குப் பிறந்த ஊர் புனலூர்ப் பக்கம், ஓட்டுச் சரிவு இல்லாத வீடு அவளுக்கு வீடாகவே தெரியவில்லை. இன்ஜினியர், சரிவாகவே கான்கிரீட் போட்டு மேலே ஓடு ஒட்டிவிடலாம், முன்பக்கம் மூன்று முக்கோணம் எடுத்தால் எலிவேஷன் நன்றாக இருக்கும் என்கிறார். நானோ நெட்டில் படம் பார்த்துப் பார்த்து, நடுவில் பள்ளமாகி இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி தூக்கி நிற்கிற பட்டாம்பூச்சிக் கூரை வரைக்கும் போய்விட்டேன்.

எங்கள் ஊர்க் காற்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து இறங்கினால் வாசல் கதவைத் திறந்து வைக்க முடியாது, கூடவே சாரல். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை தனி. இதற்கெல்லாம் எந்த வடிவம் தாங்கும்? செலவு எதில் கூடும், எதில் பிற்பாடு தொல்லை வரும்? கட்டினவர்கள், குடியிருப்பவர்கள் சொல்லுங்கள்.

கரண்டியும்_மட்டமும்:

அண்ணாச்சி, நான் நெல்லையில் சின்ன அளவில் கட்டட கான்ட்ராக்ட் எடுக்கிறவன். முதலில் பட்டாம்பூச்சியை விட்டுவிடுங்கள். மழை கொட்டுகிற ஊரில் வீட்டு நடு முதுகில் தண்ணீரைக் கூட்டிச் சேர்க்கிற வடிவம் அது. பக்கத்தில் ஒரு வேப்பமரம் இருந்து நாலு கைப்பிடி இலை அந்தக் காடியை அடைத்தால், தண்ணீர் உங்கள் ஹாலுக்குள்தான் வழி தேடும்.

மற்றபடி நம் பக்கத்தில் புழங்குகிற வடிவம் நாலைந்துதான். ஒரே பக்கம் சரிகிற சாய்ப்பு: மாட்டுக்கொட்டகை, அடுப்படி, பின்கட்டு எல்லாம் அதில்தான் இருக்கும். நடுவில் முகட்டு விட்டம் வைத்து இரண்டு பக்கமும் இறக்குவது, இரண்டு கடைசியிலும் முக்கோணச் சுவர் நிற்கும். நாலு பக்கமும் சரிவது, இதில் முக்கோணச் சுவரே கிடையாது, சுற்றிலும் சுவர் ஒரே மட்டத்தில் முடியும். முற்றத்தை நடுவில் விட்டு உள்பக்கமும் சரிகிற பழைய வீடுகள், கொங்கு நாட்டில் தொட்டிக்கட்டு என்பார்களே, அது. அப்புறம் மொட்டை மாடி. நெட்டில் பார்க்கிற மற்ற வடிவமெல்லாம் பெரும்பாலும் இவற்றை ஒன்றோடொன்று ஒட்டியோ பாதியில் மடித்தோ செய்ததுதான்.

செலவுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். நாலு பக்கச் சரிவுக்கு ஓடு ரொம்பக் கூடும் என்று பலர் சொல்வார்கள், அது சரியில்லை. சாய்மானம் ஒன்றாக இருந்தால் இரண்டு பக்கமோ நாலு பக்கமோ மேற்பரப்பு ஒன்றுதான். 30 டிகிரி வைத்தால் தரையில் இருக்கிற அளவைப்போல் 1.15 மடங்கு. உங்கள் 36-க்கு 24, அதோடு சுற்றிலும் சுவரைத் தாண்டி இரண்டடி இறவாரம் விட்டால் மேற்பரப்பு 1,300 சதுர அடிக்குப் பக்கத்தில் வரும், சதுர மீட்டருக்கு 15 வீதம் போட்டால் 1,800 மங்களூர் ஓடு. எதைத் தேர்ந்தெடுத்தாலும் இது மாறாது.

கூடுவது எங்கே என்றால் மூலையில். இறவாரத்தைச் சேர்க்காமல் சுவர் அளவுக்கு மட்டும் சொன்னால், இரண்டு பக்கச் சரிவில் முகடு ஒன்றே ஒன்று, 36 அடி. நாலு பக்கச் சரிவில் முகடு 12 அடிக்குச் சுருங்கிவிடும், ஆனால் ஒவ்வொரு மூலையிலிருந்தும் 18 அடிக்கு மேல் ஒரு சாய்ந்த முகடு ஏறும், நாலும் சேர்ந்து 73 அடி. ஆக முகட்டு ஓடு மட்டும் 85 அடிக்கு வேண்டும், அந்த 73 அடி நெடுகிலும் இரண்டு பக்கத்து ஓட்டையும் கோணலாக அறுத்துத்தான் சேர்க்க வேண்டும். அறுக்கிறபோது உடைவது, கூலி, கூரையைத் தாங்குகிற இரும்புச் சட்டமான ட்ரஸ்ஸின் வெல்டிங்கில் மூலைக்கு வருகிற சாய்ந்த கைமரம், இங்கேதான் பணம் போகும். பதிலுக்கு முக்கோணச் சுவர் இரண்டும் கட்டத் தேவையில்லை. 30 டிகிரியில் அது நடுவில் 7 அடி உயரம் போகும், செங்கல், பூச்சு, பெயின்ட் என்று அதுவும் கணக்கில் வரும்.

கஜாவூர்க்காரன்:

காற்றைப் பற்றி நான் சொல்கிறேன். நான் பட்டுக்கோட்டைப் பக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியபோது எங்கள் தெருவில் இருந்தேன். விடிந்து வெளியே வந்து பார்த்தபோது எந்தக் கூரை எப்படிப் போயிருந்தது என்பது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

தகர சீட், சிமென்ட் சீட் போட்ட சாய்ப்புகள் அப்படியே கழன்று அடுத்த தோப்பில் கிடந்தன. சரிவு குறைவான கூரையைக் காற்று கீழே அமுக்காது, மேலே உறிஞ்சும். சீட்டுக்கு ஆணி பிடிப்பு கொஞ்சம் இளகினாலும் பிடுங்கிக்கொண்டு போய்விடும். ஓட்டு வீடுகளில் நடு ஓடு பெரிதாகப் போகவில்லை. முகடு, இறவாரத்தின் ஓரம், மூலை, இங்கேதான் முதலில் கிளம்பியது. ஓர ஓடு ஒன்று போனதும் காற்று உள்ளே புகுந்து, உள்ளிருந்து தள்ள, வரிசை வரிசையாக உதிர்ந்திருந்தது. காற்றுக்கு எதிர்முகமாக முக்கோணச் சுவர் நின்ற சில வீடுகளில் அந்தச் சுவரே உள்பக்கம் சாய்ந்து கைமரத்தோடு இறங்கிவிட்டது. நாலு பக்கமும் சரிந்த பழைய வீடுகளில் சேதம் குறைவு. எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் காற்று ஏறி வழிந்து போக அதில் ஒரு சரிவு இருக்கிறது.

உங்கள் ஊரில் எங்கள் பக்கம் மாதிரி புயல் அடிக்கடி வராது, ஆனால் ஒவ்வொரு வருஷமும் மாதக்கணக்கில் ஒரே திசையிலிருந்து காற்று அடிக்கிறது என்கிறீர்கள். நீளம் கிழமேலாக இருப்பதால் முகடும் அப்படியே ஓடும், முக்கோணச் சுவர் ஒன்று நேராக மேற்கைப் பார்த்து நிற்கும். அதை மட்டும் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று. மங்களூர் ஓட்டைப் புரட்டிப் பாருங்கள், பல ஓடுகளில் அடியில் சின்னதாகக் காது மாதிரி துருத்தி அதில் ஒரு துளை இருக்கும். கம்பி கோத்து, ஓட்டைத் தாங்குகிற ரீப்பர் சட்டத்தோடு கட்டத்தான் அது. யாரும் கட்டுவதில்லை. எல்லா ஓட்டையும் கட்டாவிட்டாலும் ஓரத்து இரண்டு வரிசையையும் முகட்டை ஒட்டிய வரிசையையும் கட்டச் சொல்லுங்கள்.

வளவு_வீடு:

காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன், முற்றம் வைத்த பழைய வீட்டில் வளர்ந்தவள். வடிவத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் வெளியே தெரிகிற மூலையைப் பற்றியே பேசுகிறார்கள். வீட்டைக் கெடுப்பது உள்மூலை. இரண்டு சரிவு வந்து பள்ளமாகச் சேருகிற இடம், கூடல்வாய். முற்றத்தைச் சுற்றிக் கூரை உள்பக்கமாக இறங்குவதால் எங்கள் வீட்டில் இது நாலு மூலையிலும் உண்டு. இரண்டு சரிவுத் தண்ணீரும் அந்த ஒரு கோட்டில் ஓடும். அடியில் தகரம் விரித்திருக்கும், அதன்மேல் ஓட்டு விளிம்பு தொங்கும். தகரம் துருப்பிடித்து ஊசி அளவு ஓட்டை விழுந்தால் போதும், பக்கத்துக் கைமரம் கறுத்து, பூஞ்சை பிடித்து, ஒருநாள் கையால் அழுத்தினால் மாவாக உதிரும். புரட்டாசியில் ஓடு பிரித்து வேய ஆள் வந்தால் அப்பா முதலில் ஏறச் சொல்வது கூடல்வாய்க்குத்தான். மற்ற இடத்தில் ஒரு ஓடு விலகினால் ஒரு சொட்டு, அங்கே விலகினால் அண்டா வைக்க வேண்டும்.

அதனால் இன்ஜினியர் சொல்கிற "முன்பக்கம் மூன்று முக்கோணம்" எனக்குப் பயமாக இருக்கிறது. பெரிய சரிவில் ஒரு சின்ன முக்கோணக் கூரையை ஒட்டினால் அதன் இரண்டு பக்கமும் இரண்டு கூடல்வாய். மூன்று ஒட்டினால் ஆறு. முற்றத்துக்காக என்றால் தாங்கிக்கொள்ளலாம், காற்றும் வெளிச்சமும் கிடைக்கிறது. அழகுக்காக ஆறு கூடல்வாயை விலை கொடுத்து வாங்காதீர்கள்.

குமரிக்_காற்று:

எல்லோரும் சரிவுக்கே பேசுகிறீர்கள், நான் அப்பா பக்கம். எனக்கு ஊர் நாகர்கோவில், எங்களுக்கும் இரண்டு மழையும் உண்டு. ஒரு காலத்தில் இங்கே வீடெல்லாம் ஓடுதான், பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்தால் தெரியும், செங்குத்தான சரிவு, கடைசியில் மர வேலைப்பாடு வைத்த முகப்பு, தாழ்ந்து இறங்குகிற இறவாரம். அழகுதான். ஆனால் இன்றைக்கு ஒரு ஓடு விலகினால் ஏறி மாற்ற ஆள் கிடைக்கிறாரா? உங்கள் பக்கம் குரங்கு வேறு. குற்றாலத்துக் குரங்கு கூரைமேல் குதித்து ஓடினால் ஓடு இடம் மாறத்தான் செய்யும்.

மொட்டை மாடியை ஒழுங்காகச் செய்தால் ஒரு குறையும் இல்லை. மொட்டை மாடி என்றால் மட்டமாக இருக்கவே கூடாது. தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து, 10 அடிக்கு ஒன்றரை முதல் இரண்டு இன்ச் வாட்டம் கொடுத்து, மேலே தட்டையான ஓடு (தட்டோடு) பதிக்க வேண்டும். சென்னை, தஞ்சாவூர்ப் பழைய வீடுகளில் தேக்குக் கட்டைமேல் சின்னச் செங்கலைச் செங்குத்தாக நிறுத்தி, சுண்ணாம்புக் காரையில் மூலைவாட்டமாக அடுக்கிப் போட்ட மெட்ராஸ் டெரஸ் நூறு வருஷம் தாண்டியும் நிற்கிறது, அதுவும் மொட்டை மாடிதானே. இன்றைக்கு ஒழுகுகிற மாடிகளில் பாதி, வாட்டம் சரியாகக் கொடுக்காமல் தண்ணீர் தேங்குகிறவைதான். சோலார் வைக்கவும் இதுதான் வசதி. சரிவுக் கூரை என்றால் உங்கள் வீட்டில் தெற்குச் சரிவில் மட்டும்தான் வைக்க முடியும், வடக்குச் சரிவில் மார்கழி, தை வெயில் சரியாக விழாது.

சாரல்_தென்காசி:

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. அப்பாவிடம் குமரி அண்ணாச்சி எழுதியதைப் படித்துக் காட்டினேன், நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். முக்கோணங்களை வேண்டாம் என்று இன்ஜினியரிடம் சொல்லிவிட்டேன். இப்போது இரண்டு சந்தேகம். சரிவான கான்கிரீட் போட்டு மேலே ஓடு ஒட்டுவது, இது குரங்குக்கும் காற்றுக்கும் நல்லதுதானே, ஏன் யாரும் அதைப் பற்றிச் சொல்லவில்லை? இரண்டாவது, பாதி சரிவு பாதி மாடி என்று வைத்தால் சேருகிற இடத்தில் ஒழுகாதா?

கோடும்_கூரையும்:

நான் மதுரையில் ஆர்க்கிடெக்டாக இருக்கிறேன். சரிவுக் கான்கிரீட்டை முழுக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எப்படிப் போடுகிறார்கள் என்பதைக் கூட நின்று பார்க்க வேண்டும். 30 டிகிரியில் கலவை கீழே வழியும். வழியாமல் இருக்க இறுக்கமாகக் கலக்க வேண்டும், கீழிருந்து மேலாகப் போட்டுக்கொண்டு போக வேண்டும். இறுக்கமான கலவை கம்பிக்கு அடியில் சரியாகப் போய் உட்காராது, கலவையை அதிரவைத்து இறுக்குகிற வைப்ரேட்டர் வைத்தால் எல்லாம் சரிந்து இறங்குகிறது என்று அதை எடுத்து வைத்துவிடுவார்கள், உள்ளே தேன்கூடு மாதிரி பொத்தல் விழும். கான்கிரீட் இறுகுகிற வரை ஈரம் காயக் கூடாது; மட்டத் தளம் என்றால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தலாம், சரிவில் நிற்காது, சாக்கு விரித்து நாள் முழுக்க நனைக்க வேண்டும், அதை யாரும் செய்வதில்லை. மட்டத் தளத்தைவிடச் சரிவுத் தளத்தில் கலவையும் ஈரமும் சரியாக அமைவது கடினம் என்பதால்தான் அதில் மயிர்க்கோடு வெடிப்பு அதிகம். அதன்மேல் சிமென்ட் வைத்து ஓடு ஒட்டினால் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது, ஒழுகும்போது எங்கிருந்து என்று கண்டுபிடிக்கவும் முடியாது. வெயில் காலத்தில் கான்கிரீட் பகல் முழுக்கச் சூடேறி ராத்திரி உள்ளே இறக்கும், இதில் ஓடு பெயருக்குத்தான். ட்ரஸ்ஸில் தொங்குகிற ஓடு அப்படியில்லை, கனம் குறைவு, பொழுது சாய்ந்ததும் ஆறிவிடும், ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் வெப்பம் கசிந்து வெளியேறும்.

உங்கள் வீட்டுக்கு நான் வரைந்தால் இப்படி வரைவேன். மேற்குப் பக்கத்தை மொட்டை மாடியாக விடாதீர்கள், அது காற்று நேராக அடிக்கிற பக்கம். கிழக்கே வாசல் பக்கமும் வேண்டாம். வடக்கை ஒட்டி அடுப்படி, குளியலறை வருகிறதென்றால் அந்தப் பட்டையை, 8 அடி அகலம் இருந்தாலும் போதும், மட்டத் தளமாகப் போடுங்கள். தண்ணீர்த் தொட்டி, வத்தல், துணி எல்லாம் அங்கே. ஏறுவதற்கு வெளிப்பக்கம் படி. மிச்சம் 16 அடி அகலம், 36 அடி நீளம், அதற்குச் சரிவு. அந்த இரண்டும் சேருகிற இடத்தில் ஓடுதான் மாடியின் மேல் இறங்க வேண்டும், மாடித் தளம் ஓட்டுக்கடியில் ஒரு சின்னக் கட்டைச்சுவரோடு முடிய வேண்டும், முக்கால் அடியாவது. அப்படி வைத்தால் தண்ணீர் ஒரு படி இறங்கி அடுத்த படிக்குப் போகிற மாதிரிதான், தேங்குகிற மூலையே இல்லை, கூடல்வாயும் இல்லை. ஆனால் அந்த மாடிக்கு வடக்குப் பார்த்து வாட்டம் கொடுப்பதை மறக்கக் கூடாது.

சரிவின் வடிவத்துக்கு, மேற்குக் கடைசியை நாலு பக்கச் சரிவு மாதிரி சாய்த்துவிடுங்கள். கிழக்குக் கடைசியை முக்கோணமாக நிறுத்துங்கள். காற்று மேற்குச் சரிவில் ஏறி வழிந்து போகும். கிழக்கு முக்கோணம் காற்றின் மறைவில் நிற்கிறது, அங்கே உறிஞ்சல் இருக்கும். அந்தச் சுவரின் உச்சியில் காற்றுப் போக ஓட்டை விட்ட சிமென்ட் ஜாலி வைத்தால் கூரைக்கடியில் சேருகிற சூடான காற்றை அது தானாக இழுத்து வெளியே விடும். உங்கள் வீட்டம்மாவுக்குத் தெருவிலிருந்து பார்த்தால் புனலூர் வீட்டு முகப்பும் கிடைத்துவிடும். 16 அடி அகலத்துக்கு முகடு நாலரை அடி சொச்சம்தான் ஏறும், முக்கோணச் சுவரும் சின்னது. இருந்தாலும் அதன் சாய்வு ஓரத்தில் கம்பி வைத்து ஒரு கான்கிரீட் பெல்ட் போடச் சொல்லுங்கள்.

குரங்குத் தொல்லைக்கு வழி, ஓட்டுக்கடியில் இன்னொரு வரிசை சீலிங் ஓடு. மேல் ஓடு நகர்ந்தாலும் உடனே வீட்டுக்குள் சொட்டாது, வெப்பமும் குறையும். கஜாவூர்க்காரர் சொன்ன கம்பிக் கட்டு கண்டிப்பாக வேண்டும்.

ஒன்று மட்டும் குமரிக்_காற்று சொல்வதோடு எனக்கு ஒத்துப்போகிறது. தம்பிக்கு மேலே வீடு எடுப்பது உறுதி என்றால், இப்போது முழுக்க மட்டத் தளம் போடுங்கள், மாடி கட்டி முடித்த பிறகு அதன்மேல் சரிவு வைக்கலாம். ட்ரஸ்ஸைப் பிரித்துவிட்டு மாடி எடுப்பது இரட்டைச் செலவு. இதை வீட்டில் உட்கார்ந்து பேசாமல் கூரையைத் தொடாதீர்கள்.

கரண்டியும்_மட்டமும்:

ஆர்க்கிடெக்ட் மேடம் சொன்ன வடிவத்துக்கு, இறவாரம் சேர்க்காமல் முகட்டுக் கணக்கு: நேர் முகடு 28 அடி, மேற்கு மூலை இரண்டுக்கும் சேர்த்து 24 அடி சொச்சம். 52 அடியில் முடிந்துவிடும், அறுப்பு வேலையும் அந்த 24 அடிக்கு மட்டும்தான். ட்ரஸ்ஸுக்குத் துத்தநாகம் பூசின ஜி.ஐ. பைப் கேளுங்கள், சாரல் ஊரில் சாதாரண இரும்பு பெயின்டுக்குள்ளேயே துருப்பிடிக்கும். பனங்கை (பனைமரச் சட்டம்), தேக்கு என்றால் நல்லதுதான், வைரம் பாய்ந்த பனை இப்போது கிடைப்பது அரிது, விலை விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சாரல்_தென்காசி:

நேற்று ராத்திரி எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். தம்பி தனக்கு மேல் மாடி வேண்டாம், பக்கத்து மனையிலேயே பிற்பாடு கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டான். அதனால் மேடம் சொன்னபடியே வடக்குப் பட்டை மாடி, மிச்சம் சரிவு. அப்பா அந்த எட்டடியில் நடந்து பார்க்க முடியுமா என்று மட்டும் கேட்டார், 36 அடி நீளம் இருக்கிறது என்றதும் சரி என்றார். இன்ஜினியருக்குக் கொஞ்சம் வருத்தம், ஆனால் வரைந்து தருகிறேன் என்றார். கடைசியாக ஒன்று: தெற்குச் சரிவுத் தண்ணீர் பக்கத்து வயலில் விழக் கூடாது. இறவார ஓரத்தில் தண்ணீர் பிடிக்கிற கட்டர் வைத்தால் போதுமா, எந்த அளவு?

கோடும்_கூரையும்:

போதும். 6 இன்ச் அரைவட்ட பி.வி.சி. கட்டர், 10 அடிக்கு அரை இன்ச் வாட்டம், நடுவிலிருந்து இரண்டு பக்கமும் இறங்குகிற மாதிரி வைத்து, இரண்டு கடைசியிலும் 4 இன்ச் குழாய் இறக்குங்கள். தாங்கியை இரண்டடிக்கு ஒன்று வைக்கச் சொல்லுங்கள், உங்கள் காற்றுக்கு அதைவிடத் தள்ளி வைத்தால் கட்டர் ஆடிப் பிடுங்கிக்கொள்ளும். இறவாரம் தெற்கில் இரண்டடி இருக்கட்டும், மேற்கில் ஒன்றரை அடிக்கு மேல் நீட்ட வேண்டாம், அடியிலிருந்து காற்று தூக்கும்.

கூரை முழுவதும் சேர்ந்து 1 செ.மீ. மழைக்கே ஆயிரம் லிட்டர் வரும். மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து நம் மாநிலத்தில் கட்டாயமும்கூட, எப்படியும் செய்தாக வேண்டும். புது ஓட்டில் முதல் மழைக்குச் செம்மண் தூள் இறங்கும், அந்தத் தண்ணீரை வெளியே திருப்பிவிட ஒரு வால்வு வைத்துவிட்டுத் தொட்டிக்கு விடுங்கள்.